பிரவுசரில் தெரிகிறது, தேடினால் வரவில்லை: ஜாவாஸ்கிரிப்ட் பக்கங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பக்கத்தைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கட்டுரை தெரிகிறது, படங்கள் தெரிகின்றன, மெனு வேலை செய்கிறது. ஆனால் அதே கட்டுரையின் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. ரியாக்ட், வியூ, ஆங்குலர் என்று எந்த ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் தளம் கட்டினாலும் என்றாவது ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கும். நானும் நின்றிருக்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்த்து நாள்களை இழந்தும் இருக்கிறேன். அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்துக்குப் போனால் அந்த இழப்பு இல்லை.

முதலில் கூகுள் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கூகுளின் தானியங்கி நிரலான கூகுள்பாட் ஒரு முகவரிக்குப் போய் சர்வர் கொடுக்கும் ஹெச்டிஎம்எல்லை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பக்கம் ரெண்டரிங் வரிசையில் நிற்கிறது. அதன் முறை வந்ததும் திரையில்லாத ஒரு குரோமியம் பிரவுசர் ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டி, முழுப் பக்கத்தையும் உருவாக்குகிறது. அப்படி உருவான பக்கத்தை வைத்துத்தான் இண்டெக்ஸ் செய்கிறது, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கிறது. 2019 மே வரை அந்த பிரவுசர் பழைய குரோம் 41 பதிப்பிலேயே நின்றிருந்தது. அதன் பிறகு குரோமின் புதிய பதிப்புகளோடு சேர்ந்து அதுவும் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ‘கூகுளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் புரியாது’ என்பது பழைய கதை. ஆனால் இத்தனை கட்டங்கள் இருப்பதால் உள்ளடக்கம் தொலைந்துபோக இடங்களும் அதிகம். எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

## எதையும் மாற்றுவதற்கு முன்

ஒரே பக்கத்துக்கு இரண்டு ஹெச்டிஎம்எல் உண்டு. சர்வர் முதலில் அனுப்பியது ஒன்று, ஸ்கிரிப்ட் ஓடி முடித்த பிறகு இருப்பது இன்னொன்று. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் ‘இன்ஸ்பெக்ட்’ போட்டுப் பார்ப்பது இரண்டாவதை. ‘வியூ சோர்ஸ்’ காட்டுவது முதலாவதை. பலர் இன்ஸ்பெக்டில் பார்த்துவிட்டு “ஹெச்டிஎம்எல்லில் எல்லாம் இருக்கிறதே” என்று சொல்வது இந்தக் குழப்பத்தால்தான்.

கட்டுரையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு வேண்டாம், அது மெனுவிலும் இருக்கக்கூடும். அந்த வாக்கியத்தை வியூ சோர்ஸில் தேடுங்கள். அடுத்து தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் கருவியைத் திறந்து, பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனையை ஓட்டுங்கள். சோதித்த பக்கத்தைப் பார்க்கும் பகுதியில் ரெண்டர் ஆன ஹெச்டிஎம்எல், ஸ்கிரீன்ஷாட், கூடுதல் தகவல் என மூன்று இருக்கும். ஹெச்டிஎம்எல்லில் அதே வாக்கியத்தைத் தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது பக்கத்தின் மேல்பகுதியை மட்டுமே காட்டும்.

தளம் சர்ச் கன்சோலில் உங்கள் பெயரில் இல்லையென்றால் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டும் ரெண்டர் ஆன ஹெச்டிஎம்எல்லைக் காட்டும். பழைய வழிகாட்டிகள் சொல்லும் மொபைல் ஃப்ரெண்ட்லி டெஸ்ட்டைத் தேடி அலைய வேண்டாம், அதை 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு தேடல்களின் விடையும் கையில் இருந்தால் கீழே உங்களுக்குரிய அறிகுறிக்கு நேராகப் போகலாம்.

## அறிகுறி: ரெண்டர் ஆன ஹெச்டிஎம்எல்லில் மேலே மெனு, கீழே தொடர்பு முகவரி, நடுவில் வெறுமை

அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில், எந்த முகவரிகளை எடுக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் கோப்புகள் இருக்கும் அடைவையோ, தரவு வரும் ஏபிஐ முகவரியையோ அங்கே தடுத்திருந்தால் கூகுளின் ரெண்டரர் அதை எடுக்கவே எடுக்காது. என் தளம் ஒன்றில் நடந்தது இதுதான். ஏபிஐ தரும் ஜேசன் பதில்கள் தேடல் முடிவுகளில் வந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் அந்த அடைவு முழுவதையும் ஒரே வரியில் தடுத்துவைத்திருந்தேன். பக்கத்தின் வெற்றுச் சட்டகம் வந்தது, ஸ்கிரிப்ட் வந்தது, ஸ்கிரிப்ட் கேட்ட கட்டுரை மட்டும் வரவில்லை. இரண்டு வாரம் ரியாக்ட் கூறுகளையே தோண்டிக்கொண்டிருந்தேன். பிரவுசர் ரோபோட்ஸ் கோப்பைப் பார்ப்பதில்லை, அதனால் என் திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. கூடுதல் தகவல் பகுதியில் ஏற்ற முடியாத கோப்புகளின் பட்டியலில் அந்த ஏபிஐ முகவரி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

ரோபோட்ஸ் கோப்பில் அந்தத் தடையை நீக்குங்கள். ஏபிஐ பதில்கள் தனியாக இண்டெக்ஸ் ஆகக் கூடாதென்றால் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்ற ஹெடரில் நோஇண்டெக்ஸ் (‘இண்டெக்ஸ் செய்யாதே’) என்று அனுப்புங்கள். அப்போது கூகுள் அதை எடுத்துப் பக்கத்தைக் கட்டிக்கொள்ளும், தனி முடிவாகக் காட்டாது. ஏபிஐ வேறு டொமைனில் இருந்தால் அந்த டொமைனின் ரோபோட்ஸ் கோப்பையும் பார்க்க மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் ‘அதர் எரர்’ என்று சில கோப்புகள் வரும். நேரடிச் சோதனை அவசரமாக முடிகிற ஒன்று, சில கோப்புகளை எடுக்காமலேயே விட்டுவிடும். மறுபடி ஓட்டும்போது வேறு கோப்புகளுக்கு அந்தப் பிழை வந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே கோப்பு என்றால் பின்தொடருங்கள்.

ரோபோட்ஸ் கோப்பில் குறை இல்லையென்றால் அடுத்தது ஸ்கிரிப்ட் பிழை. அதே கூடுதல் தகவல் பகுதியில் கன்சோல் செய்திகளும் இருக்கும். கூகுளின் பிரவுசருக்கும் உங்கள் பிரவுசருக்கும் உள்ள வேறுபாடுகளில்தான் இந்தப் பிழைகள் பிறக்கின்றன. அது குக்கிகளையோ லோக்கல் ஸ்டோரேஜையோ ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாது. ஒவ்வொரு முறையும் முதல் தடவை வரும் விருந்தாளி மாதிரிதான். முன்பக்கத்தில் சேமித்த மொழித் தேர்வை நம்பி உள்பக்கம் ஓடுகிறதென்றால், அந்தத் தேர்வு இல்லாத நிலையில் என்ன ஆகும் என்று பாருங்கள். இருப்பிடம், கேமரா, அறிவிப்பு என்று எந்த அனுமதி கேட்டாலும் மறுப்புதான் பதில். அனுமதி கிடைத்தால்தான் உள்ளடக்கம் என்று எழுதியிருந்தால் அது கூகுளுக்கு என்றைக்கும் கிடைக்காது. வெப்சாக்கெட் வழியாக மட்டும் வரும் தரவும் கிடைக்காது, சாதாரண ஹெச்டிடிபி வழியொன்றும் வைத்திருக்க வேண்டும்.

இதை உங்கள் கணினியிலேயே சோதிக்கலாம். குரோமில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, தளத்தின் குக்கிகளையும் எல்லா அனுமதிகளையும் தடுத்துவிட்டு, உள்பக்க முகவரியை நேரடியாகக் கொடுங்கள். பக்கம் வெறுமையாக வந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிட்டது.

மூன்றாவது, சர்வரின் பாதுகாப்பு அடுக்கு. பாட்களை, அதாவது தானியங்கி நிரல்களைத் தடுக்கும் ஃபயர்வால், பக்கத்தை விட்டுவிட்டு ஏபிஐ அழைப்பை மட்டும் 403 (அனுமதியில்லை) சொல்லித் திருப்பி அனுப்புவதுண்டு. நேரடிச் சோதனையில் சரியாக வந்து, கூகுள்பாட்டின் நிஜ வருகையில் மட்டும் தோற்றால் இதைச் சந்தேகியுங்கள். இதற்குச் சர்வர் லாக்தான் நல்ல சாட்சி. கூகுள்பாட் பெயரில் வந்த அழைப்புகளை லாக்கில் பிரித்தெடுத்து, ஸ்கிரிப்ட்டுக்கும் ஏபிஐக்கும் என்ன நிலைக்குறியீடு போயிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் ஐபி முகவரி யாருடையது என்பதை ரிவர்ஸ் டிஎன்எஸ் மூலம் உறுதி செய்துகொள்வது நல்லது.

நான்காவது பலருக்கும் தெரியாதது. ரெண்டரர் ஸ்கிரிப்ட்டுகளையும் ஸ்டைல் கோப்புகளையும் தன்னிடம் கேஷ் செய்து 30 நாள் வரை வைத்திருக்கும். நீங்கள் அனுப்பும் கேஷ் ஹெடர்களை அது பொருட்படுத்துவதில்லை. கோப்பின் பெயர் மாறாமல் உள்ளே மட்டும் மாற்றினால், புதிய ஹெச்டிஎம்எல்லோடு பழைய ஸ்கிரிப்ட் ஓடி உடையும். கோப்பின் பெயரிலேயே, உள்ளடக்கம் மாறினால் மாறும் ஹாஷ் குறியீடு வரும்படி பில்ட் அமைப்பை மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. புதிதாக டிப்ளாய் செய்யும்போது பழைய ஹாஷ் கோப்புகளை உடனே அழித்துவிட்டால், முன்பே எடுத்துச் சென்ற ஹெச்டிஎம்எல்லைக் கூகுள் பின்னர் ரெண்டர் செய்யும்போது ஸ்கிரிப்ட் 404 (கிடைக்கவில்லை) ஆகிவிடும். பழைய கோப்புகளைச் சில வாரங்களாவது விட்டுவையுங்கள். இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

## அறிகுறி: முகப்புப் பக்கம் மட்டும் வருகிறது, உள்பக்கங்களைக் கூகுள் அறியவே இல்லை

சர்ச் கன்சோலில் உள்பக்க முகவரியைக் கொடுத்தால் ‘கூகுளுக்குத் தெரியாத முகவரி’ என்று வருகிறதா? அப்படியென்றால் குறை இணைப்புகளில்.

கூகுள்பாட் எதையும் கிளிக் செய்யாது. இணைப்புக்கான ஏ டேக்கில், முகவரியைத் தாங்கும் ஹெச்ரெஃப் இருந்தால் அந்த முகவரியைக் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். டிவ்விலோ பட்டனிலோ ஆன்கிளிக் வைத்து, பக்கம் மாற்றும் ரவுட்டரை அழைத்திருந்தால், மனிதர்களுக்கு அது இணைப்பு, கூகுளுக்கு வெறும் எழுத்து. ரியாக்ட் ரவுட்டர், நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்றவை தரும் லிங்க் கூறுகளைப் பயன்படுத்தினால் அவை சரியான ஏ டேக்காகவே வரும். ரெண்டர் ஆன ஹெச்டிஎம்எல்லில் ஹெச்ரெஃப் என்று தேடி, எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது # குறி. முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதை வைத்துப் பக்கங்களைப் பிரித்திருந்தால் கூகுளுக்கு அவை எல்லாம் ஒரே பக்கம். 2009-இல் கூகுளே #! என்றொரு முறையை முன்மொழிந்தது. 2015-இல் அது இனி வேண்டாம் என்று கைவிட்டது. அந்தக் காலத்து வழிகாட்டியைப் பார்த்துக் கட்டிய தளங்களில் இன்னமும் இதைப் பார்க்க முடிகிறது. ரவுட்டரை ஹிஸ்டரி ஏபிஐ முறைக்கு மாற்றுங்கள். மாற்றினால் சர்வரும் ஒவ்வொரு முகவரிக்கும் சரியான பதில் தரும்படி அமைக்க வேண்டும். அதைப் பற்றி அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

கீழே போகப் போகப் பதிவுகள் தானாக ஏறிக்கொண்டே இருக்கும் பட்டியல் என்றால், அதோடு கூடவே 2-ஆம் பக்கம், 3-ஆம் பக்கம் என்று தனி முகவரிகளும் அவற்றுக்கு ஹெச்ரெஃப் இணைப்புகளும் வேண்டும். தளத்தின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்தால் முகவரிகள் தெரியவரும், உண்மைதான். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாமல் சைட்மேப்பில் மட்டும் இருக்கும் பக்கத்துக்குக் கூகுள் பெரிய முக்கியத்துவம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

## அறிகுறி: ‘சாஃப்ட் 404’ என்கிறது, அல்லது இல்லாத பக்கங்கள் இண்டெக்ஸில் இருக்கின்றன

ஒற்றைப் பக்கச் செயலிகளில் எந்த முகவரி கேட்டாலும் சர்வர் அதே சட்டகத்தை 200 (சரி) என்று தரும். “பக்கம் கிடைக்கவில்லை” என்று ஸ்கிரிப்ட் எழுதினாலும் நிலைக்குறியீடு 200 தான். கூகுள் பார்வையில் அது முரண்பாடு, அதைத்தான் ‘சாஃப்ட் 404’ என்கிறது.

சர்வரிலேயே 404 தர முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. உண்மையாகவே 404 தரும் ஒரு முகவரிக்கு ஸ்கிரிப்ட் மூலம் திருப்பி அனுப்பலாம். அல்லது அந்தப் பிழைப் பக்கத்தில் ஸ்கிரிப்ட் மூலம் ரோபோட்ஸ் மெட்டா டேக்கில் நோஇண்டெக்ஸ் சேர்க்கலாம். ஏபிஐ ஒரு நொடி தடுமாறினாலும் இதே பிழைப் பக்கம்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் நல்ல பக்கங்களையும் நீங்களே நீக்கச் சொன்னதாக ஆகிவிடும். ஏபிஐ ‘இல்லை’ என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் நோஇண்டெக்ஸ் போடுங்கள். நேரம் தாண்டிப்போனதற்கும் சர்வர் பிழைக்கும் போடாதீர்கள்.

இதன் நேர்எதிர் வடிவம் இன்னும் கொடியது. நிலையான கோப்புகளை மட்டும் வைக்கும் ஹோஸ்டிங்கில் ஒற்றைப் பக்கச் செயலியைப் போடும்போது, 404 பக்கத்தின் கோப்பிலேயே செயலியை வைத்துவிடும் குறுக்குவழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. உள்பக்கத்தைத் திறந்தால் கட்டுரை அழகாக வரும். ஆனால் சர்வர் அனுப்பிய குறியீடு 404. கூகுள் அந்த எண்ணைப் பார்த்ததும் ‘பக்கம் இல்லை’ என்று போய்விடும், உள்ளே என்ன இருக்கிறது என்று கவனிக்காது. டெவலப்பர் கருவியின் நெட்வொர்க் தாவலைத் திறந்து, உள்பக்கத்தை ரீலோட் செய்து, முதல் வரியின் நிலைக்குறியீட்டைப் பாருங்கள். மெனு வழியாக உள்ளே போனால் இந்தப் பிழை தெரியாது, ரீலோட் செய்தே ஆக வேண்டும். 200 வரவில்லையென்றால் ஹோஸ்டிங் அமைப்பில் ரீரைட் விதி எழுத வேண்டும், அல்லது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஹெச்டிஎம்எல் உருவாக்க வேண்டும்.

## அறிகுறி: நோஇண்டெக்ஸை ஸ்கிரிப்ட் நீக்குகிறது, கூகுள் ஏற்கவில்லை

முதல் ஹெச்டிஎம்எல்லிலேயே நோஇண்டெக்ஸைப் பார்த்தால் கூகுள் ரெண்டரிங்கைத் தவிர்த்துவிடலாம். அப்படியானால் நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. சேர்ப்பதற்கு ஸ்கிரிப்ட் உதவும், எடுப்பதற்கு உதவாது. சோதனைச் சூழலுக்காகப் போட்ட டேக் நேரடித் தளத்துக்கும் வந்துவிட்டதா என்று வியூ சோர்ஸில் பார்த்து, அங்கிருந்தே எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: எல்லாப் பக்கங்களும் முகப்பின் நகல் என்று கருதப்படுகின்றன

எது மூல முகவரி என்று சொல்லும் கனானிக்கல் டேக், சட்டகத்தில் முகப்புப் பக்கத்தைக் காட்டுகிறது, அப்புறம் ஸ்கிரிப்ட் அதை மாற்றுகிறது அல்லது கூடவே இன்னொன்றைச் சேர்க்கிறது. இரண்டு விதமான தகவல் போகிறது. முதல் ஹெச்டிஎம்எல்லில் சரியான கனானிக்கலைத் தர முடியவில்லையென்றால் அங்கே அதை வைக்காமலே விட்டுவிட்டு, ஸ்கிரிப்ட் மட்டும் ஒன்றைச் சேர்க்கட்டும்.

டைட்டிலும் விளக்கமும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றாகவே இருப்பது இதற்கு உடன்பிறப்பு. ஸ்கிரிப்ட் மாற்றும் டைட்டிலைக் கூகுள் ஏற்கும், ஆகவே பக்கத்துக்குப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

## அறிகுறி: பக்கத்தில் பாதி இருக்கிறது, பாதி இல்லை

கூகுள்பாட் ஸ்க்ரோல் செய்யாது. மிக உயரமான ஒரு திரையில் பக்கத்தைத் திறந்து பார்க்கும். ஆகவே ஸ்க்ரோல் நிகழ்வுக்காகக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட் எழுந்திருக்காது. ஒரு பகுதி திரையில் தெரிவதைக் கண்டறியும் இன்டர்செக்ஷன் அப்சர்வர் மூலம் எழுதினால் வேலை செய்யும். படங்களுக்கு பிரவுசரே தரும் லேஸி லோடிங் பண்பு போதும். ரெண்டர் ஆன ஹெச்டிஎம்எல்லில் ஐஎம்ஜி டேக்கின் எஸ்ஆர்சியில் உண்மையான முகவரி இருக்கிறதா, இடம்பிடிக்கும் வெற்றுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாவல்கள், ‘மேலும் படிக்க’ போன்றவற்றில் ஒரு கேள்வி போதும்: கிளிக் செய்வதற்கு முன்பே அந்த எழுத்து ஹெச்டிஎம்எல்லில் இருக்கிறதா? இருந்து, ஸ்டைல் மூலம் மறைக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை. கிளிக் செய்த பிறகுதான் சர்வரிடமிருந்து வருகிறதென்றால் கூகுளுக்கு அது இல்லை.

## அறிகுறி: வியூ சோர்ஸில் இருக்கிறது, ரெண்டர் ஆன பின் காணவில்லை

சர்வரிலேயே ரெண்டர் செய்யத் தொடங்கியவர்களுக்கு வருவது இது. சர்வர் முழுக் கட்டுரையையும் அனுப்புகிறது, பிரவுசரில் ஸ்கிரிப்ட் அதற்கு உயிரூட்டும் ஹைட்ரேஷன் நடக்கும்போது ஒரு பிழை எழுகிறது, உடனே செயலி எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பிழைச் செய்தியைக் காட்டுகிறது. கூகுள் துடைத்த பிறகு உள்ள பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. சர்வரில் இருக்கும் நேரத்துக்கும் பிரவுசரின் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு, விண்டோ பொருளைச் சோதிக்காமல் பயன்படுத்துவது ஆகியவை வழக்கமான காரணங்கள். கன்சோலில் வரும் ஹைட்ரேஷன் எச்சரிக்கைகளைச் சாதாரணமாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

## அறிகுறி: கூகுளில் வருகிறது, மற்ற இடங்களில் வெறுமை

பிங் தேடுபொறியின் பாட் நிரலும் 2019 முதல் புதிய குரோமியத்தில் ஓடுகிறது. ஆனால் எல்லாத் தளத்திலும் எல்லாப் பக்கத்தையும் ரெண்டர் செய்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. செய்திச் செயலிகளில் இணைப்பைப் பகிரும்போது முன்னோட்டம் எடுக்கும் பாட்கள் பொதுவாக ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதில்லை. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பாட்களிலும் பல அப்படித்தான். இவற்றுக்கு முதல் ஹெச்டிஎம்எல்லில் இருப்பதுதான் பக்கம். முன்னோட்டத்தின் தலைப்பையும் படத்தையும் சொல்லும் ஓப்பன் கிராஃப் டேக்குகளை ஸ்கிரிப்ட் மூலம் போட்டால் இவற்றுக்குத் தெரியாது.

இதனால்தான் உள்ளடக்கத்தை முதன்மையாகக் கொண்ட தளங்களுக்கு சர்வர் பக்க ரெண்டரிங்கையோ, பில்ட் நேரத்திலேயே பக்கங்களை உருவாக்கிவைப்பதையோ நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். நெக்ஸ்ட், நக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட், ஆஸ்ட்ரோ ஆகிய கட்டமைப்புகள் எல்லாமே இதற்கு வழி தருகின்றன. மேலே சொன்ன அறிகுறிகளில் பெரும்பாலானவை இதிலேயே மறைந்துவிடும். பாட்களுக்கு மட்டும் தனியாக ரெண்டர் செய்து கொடுக்கும் டைனமிக் ரெண்டரிங்கை 2018-இல் கூகுளே எடுத்துச் சொன்னது. இப்போது அதைத் தற்காலிகச் சமாளிப்பு என்றுதான் சொல்கிறது. புதிதாக அதில் இறங்க வேண்டாம்.

## அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் இண்டெக்ஸ் ஆகவில்லை

ரெண்டர் ஆன ஹெச்டிஎம்எல்லில் முழுக் கட்டுரையும் இருக்கிறது, நிலைக்குறியீடு 200, நோஇண்டெக்ஸ் இல்லை, கனானிக்கல் சரி. இவ்வளவுக்குப் பிறகும் ‘கிரால்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ என்று வந்தால் ஸ்கிரிப்ட்டைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். கூகுள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சேர்க்கவில்லை. உள்ளடக்கம் மெலிந்ததா, வேறொரு பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்ற திசையில் தேட வேண்டும். ‘டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து எடுக்கவில்லை. சர்வர் மெதுவாகப் பதில் சொல்கிறதா, பயனற்ற முகவரிகள் ஆயிரக்கணக்கில் உருவாகிக் கூட்டம் சேர்கிறதா என்று பாருங்கள்.

## சரிசெய்த பிறகு

ஒரே வகைப் பக்கங்களில் ஒன்றிரண்டுக்கு மட்டும் இண்டெக்ஸிங் கோரிக்கை அனுப்புங்கள். மீதியை சைட்மேப்பில் மாற்றத் தேதியோடு கொடுங்கள். நேரடிச் சோதனை பச்சையாக வந்ததும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அது அந்த நொடியில் எடுத்த புதிய நகல். சில நாள் கழித்து அதே கருவியில் நேரடிச் சோதனை ஓட்டாமல், கூகுள் ஏற்கெனவே எடுத்துவைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து, கடைசியாக வந்த தேதியைப் பாருங்கள். நீங்கள் திருத்திய தேதிக்குப் பிறகு வந்திருந்தால், முதலில் தேர்ந்தெடுத்த அதே வாக்கியத்தை அந்த ஹெச்டிஎம்எல்லில் தேடுங்கள். இன்னும் வரவில்லையென்றால் எதையும் தொடாமல் காத்திருங்கள்.